காட்சிப் பேழையும் அறிவிப்புப் பலகையும்
பொது நூலகங்களில் சமுதாயக் காட்சிகள் குறித்து ஒரு திறனாய்வு

நூல் வெளிவந்தால் அதற்கு மதிப்புரை எழுதப்படுகிறது. கவியரங்கம் நடந்தால் அதன் நிறைகுறைகள் பேசப்படுகின்றன. ஆனால் பொது நூலகம் ஒன்றில் நம் சமுதாயத்தின் வரலாறு குறித்து ஒரு கண்காட்சி வைக்கப்பட்டால், நாடா வெட்டும் நிழற்படமும் வந்திருந்த பிரமுகர்களின் பெயர்ப் பட்டியலும் மட்டுமே எஞ்சுகின்றன. அங்கே எவை காட்டப்பட்டன, அவை உண்மையா, கண்டவர்கள் எதைக் கற்றுச் சென்றனர் என்று கேட்பார் இல்லை. கேட்கப்படாத காரணத்தாலேயே அடுத்த ஆண்டும் அதே பலகைகள் தூசு தட்டப்பட்டு மீண்டும் நிறுத்தப்படுகின்றன.

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் ஆண்டுதோறும் கொண்டாடப்படுகிறது. அவ்வாரத்திலும், மீலாது விழா நாட்களிலும், ஊரின் வாசகர் வட்டம் முன்முயற்சி எடுக்கும் வேறு தருணங்களிலும் கிளை நூலகங்களிலும் மாவட்ட மைய நூலகங்களிலும் இத்தகைய காட்சிகள் அமைவதுண்டு. பல ஊர்களில் இவற்றைப் பார்த்து வந்திருக்கும் நாம், அவற்றின் போக்கு குறித்துச் சிலவற்றைச் சொல்வது கடமை எனக் கருதுகிறோம். எந்த ஓர் ஊரையும் சுட்டிக் குறைகூறுவது நம் நோக்கமன்று. பெரும்பாலான காட்சிகளுக்குப் பொதுவாக அமைந்துவிட்ட சில வழக்கங்களையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

அளவுகோல் எது?

திறனாய்வுக்கு முதலில் ஓர் அளவுகோல் வேண்டும். அதனை வெளியே தேட வேண்டியதில்லை. சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகள் நம் கையிலேயே உள்ளன. நூல்கள் பயன்பாட்டுக்கானவை, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும், நூலகம் வளரும் உயிரி. இவ்விதிகளின் சாரம் இதுவே. அதே 1931ஆம் ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற நடமாடும் நூலகமும் தொடங்கிற்று. நூல் வாசகரைத் தேடிச் செல்ல வேண்டும் என்னும் கொள்கை, எழுதப்பட்ட ஆண்டிலேயே சாலையில் உருண்டது.

இவ்விதிகளைக் கண்காட்சிக்குப் பொருத்திப் பார்த்தால் ஒரு தெளிவு பிறக்கிறது. அருங்காட்சியகத்தில் பார்வையோடு பயன் முடிந்துவிடலாம். நூலகத்தில் அவ்வாறன்று. பேழைக்குள் இருக்கும் ஒன்று, அலமாரியில் இருக்கும் ஒரு நூலை நோக்கி வாசகரின் கையை நீளச் செய்ய வேண்டும். அவ்வாறு செய்யாத காட்சி எத்துணை அழகுடையதாயினும் நூலகத்திற்கு உரியதாகாது. அது திருமண மண்டபத்திலும் இருக்கலாம். பேருந்து நிலையத்திலும் இருக்கலாம்.

இக்கருத்து இஸ்லாமிய மரபுக்கும் புதிதன்று. புவியியல் அறிஞர் யாகூத் அல்ஹமவி, மங்கோலியப் படையெடுப்புக்குச் சற்று முன்னர் மெர்வ் நகரில் தங்கியிருந்தபோது, அங்கிருந்த வக்ஃபு நூலகங்களைப் பற்றி எழுதிய குறிப்பு புகழ்பெற்றது. அவற்றின் கட்டட எழிலை அவர் பெரிதாகப் பேசவில்லை. ஒரே நேரத்தில் 200 தொகுதிகள் வரை தம் இருப்பிடத்தில் வைத்துக்கொள்ள முடிந்ததையும், பெரும்பாலும் அவற்றுக்கு ஈடு எதுவும் கேட்கப்படாததையுமே நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒரு நூலகத்தின் பெருமையை அவர் அளந்தது அது இரவல் தந்ததைக் கொண்டே.

தொலைதூரப் பெருமை

நாம் காணும் காட்சிகளில் முதல் வகை, பாக்தாதையும் குர்துபாவையும் முன்னிறுத்துவது. அல்குவாரிஸ்மி, இப்னு சீனா, இப்னுல் ஹைதம், 1206இல் இயந்திரக் கருவிகள் பற்றிய நூலை முடித்த அல்ஜஸரி ஆகியோரின் பெயர்கள் வண்ணப் பலகைகளில் மின்னும். இவர்களின் பணிகளை மறுப்பார் யாருமில்லை. பள்ளிப் பாடநூல்கள் போதிய அளவு சொல்லாத ஒன்றை நூலகம் சொல்வது நல்லதே.

ஆயினும் இரண்டு குறைகள் கண்ணை உறுத்துகின்றன. ஒன்று, சான்றைப் பற்றிய கவலையின்மை. இவ்வறிஞர்களின் உருவங்களாகக் காட்டப்படும் படங்கள் பிற்காலத்து ஓவியர்களின் கற்பனைகள். அவர்கள் காலத்தில் வரையப்பட்ட நம்பத்தக்க உருவப்படம் எதுவும் இல்லை. பலகையில் அக்குறிப்பு இருப்பதில்லை. ‘இதுதான் இப்னு சீனா’ என்று ஒரு மாணவன் நம்பிச் செல்கிறான். கண்டுபிடிப்புகளின் பட்டியலும் அவ்வாறே. எந்த நூலில், எந்த ஆண்டில், எவ்வளவு சொல்லப்பட்டது என்பது விடுபட்டு, ‘முதன்முதலில்’ என்னும் சொல் மட்டும் பெரிய எழுத்தில் நிற்கிறது. மிகைப்படுத்திய ஒரு வரி பிடிபட்டால், உண்மையான பத்து வரிகளும் ஐயத்துக்குள்ளாகும் என்பதை அமைப்பாளர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை.

மற்றொன்று, அப்பெருமை நமக்கு எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொல்லாமை. இப்னு நஃபீஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே நுரையீரல் வழியான இரத்த ஓட்டத்தை விளக்கினார் என்பது இக்காட்சிகளில் தவறாமல் இடம்பெறும் செய்தி. ஆனால் அவருடைய விளக்கம் பல நூற்றாண்டுகள் மறதியில் கிடந்தது. 1924இல் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்ததாவி, பெர்லின் நூலகத்தின் கையெழுத்துப் படிகளுக்கிடையே அதனைக் கண்டெடுத்தார். அப்படியைப் பாதுகாத்த அலமாரியும், தேடி வாசித்த மாணவரும் இல்லையேல் அப்பெருமை இன்று நம் பலகையில் ஏறியிருக்காது. நூலகத்தில் வைக்கப்படும் காட்சி சொல்ல வேண்டிய கதை இந்தப் பின்பாதியல்லவா? அதுதான் எப்போதும் விடுபடுகிறது.

தொலைவைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அருகிலிருப்பது புலப்படாது. நாகூரில் வாழ்ந்த சித்தி ஜுனைதா பேகம் 1938இல் ‘காதலா கடமையா’ என்னும் நாவலை வெளியிட்டார், உ. வே. சாமிநாதையர் அதற்கு முன்னுரை வழங்கினார். முஸ்லிம் பெண்ணொருவர் தமிழில் நாவல் எழுதியதும், தமிழ்த் தாத்தா அதனை வரவேற்றதும் நம் மாவட்டங்களில் நிகழ்ந்தவை. குர்துபாவின் நூலகத்தைப் பற்றி நான்கு பலகைகள் வைக்கும் ஊரில் இதற்கு அரைப் பலகையும் ஒதுக்கப்படாதது ஏன்? ‘எழுதுகோல் எடுத்த பெண்கள்’ என்று தனியே ஒரு மூலையும் வேண்டாம். தமிழ் நாவல் அலமாரியில் அவர் நூல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையெனில் வாங்கி வைத்தாலே போதும்.

சான்றிதழ் தேடும் காட்சி

இரண்டாவது வகை, விடுதலைப் போரில் முஸ்லிம்களின் பங்கு என்னும் பொருளில் அமைவது. கடந்த கால் நூற்றாண்டில் இவ்வகை பெருகியிருக்கிறது, காரணம் வெளிப்படை. ஐயத்தோடு பார்க்கப்படும் ஒரு சமுதாயம் தன் நாட்டுப்பற்றுக்குச் சான்று காட்ட முற்படுவது இயல்பு. தியாகிகளின் பெயர்கள் மறைக்கப்படுகின்றன என்னும் வருத்தத்திலும் நியாயம் உண்டு.

எனினும் இக்காட்சிகளின் குரலைக் கூர்ந்து கேட்டால் அது வாசகரிடம் பேசுவதாக இல்லை. குற்றம் சாட்டியவரிடம் பேசுவதாக உள்ளது. பொது நூலகத்திற்கு வரும் மூதாட்டியோ, தேர்வுக்குப் படிக்க வரும் இளைஞனோ நம்மிடம் எந்தச் சான்றிதழும் கேட்கவில்லை. அவர்களை நீதிபதிகளாக்கி, நம்மைக் கூண்டில் நிறுத்திக்கொள்வது யாருக்கு நன்மை? பதிலாக மட்டுமே அறிமுகமாகும் சமுதாயம், கேள்வி மாறும்போதெல்லாம் புதிய பதிலைத் தேடி ஓட வேண்டியிருக்கும்.

ஓர் ஊரின் வாழ்வில் முஸ்லிம்கள் யார் என்பதைத் தெரிவிக்க வேறு வழிகள் உண்டு. பத்தமடையின் நுண்ணிய கோரைப்பாய், அவ்வூர் லெப்பைக் குடும்பங்களின் தறியில் பிறந்தது. அதில் பெண்களின் உழைப்பு பெரும்பங்கு. ஆம்பூர், வாணியம்பாடியின் தோல் தொழில், கீழக்கரையின் சங்கு வணிகம், காயல்பட்டினத்து மாணிக்க வணிகர்களின் கடல்வழிப் பயணங்கள், மேலப்பாளையத்தின் நெசவு ஆகியவை அனைத்தும் மற்றவர்களோடு சேர்ந்து நடந்த வாழ்க்கைகள். ஒரு பழைய கணக்குப் புத்தகம், கோரையைக் கிழிக்கும் கத்தி, சரக்குக் கடிதம் ஒன்று என இவை பேழையில் இருந்தால், பார்ப்பவர் ‘எங்கள் தாத்தாவும் அந்தக் கடையில்தான் வேலை பார்த்தார்’ என்று சொல்லத் தொடங்குவார். அந்தப் பேச்சில்தான் காட்சி உயிர்பெறும். தியாகிகளின் பெயர்களும் அவ்வாழ்வின் நடுவே தாமாகவே இடம்பெறும். அப்போது அவை வாதமாக ஒலிக்காமல் வரலாறாக ஒலிக்கும்.

உமறுப் புலவரை எடுத்துக்கொள்வோம். சீறாப்புராணத்தின் ஆசிரியர் எட்டயபுரத்து அரசவைப் புலவரான கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் பயின்றார் என்பது மரபுவழிச் செய்தி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றைக் காப்பியமாக்கிய கவிஞரின் தமிழ், ஓர் இந்துப் புலவரின் திண்ணையில் முதிர்ந்தது. இதனைச் சொல்லும் ஒரு விளக்க அட்டை, நல்லிணக்கம் என்னும் சொல்லைப் பயன்படுத்தாமலேயே நல்லிணக்கத்தைப் புலப்படுத்திவிடும்.

பழைமை என்னும் மயக்கம்

மூன்றாவது வகையே நம்மை மிகவும் கவலைகொள்ளச் செய்வது. ஊர்ப் பெரியவர்களின் இல்லங்களிலிருந்து பழைய கிதாபுகளும் ஏடுகளும் திரட்டப்பட்டுக் கண்ணாடிக்குள் வைக்கப்படுகின்றன. ‘500 ஆண்டுகள் பழைமையானது’, ‘கையால் எழுதப்பட்டது’ என்னும் அட்டைகள் அவற்றின்மேல் சாய்த்து வைக்கப்படுகின்றன. எழுதியவர் யார், படியெடுத்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு என்னும் விவரம் எதுவும் இருப்பதில்லை.

இங்கே நிகழும் பிழைகள் இரண்டு வகையின. முதலாவது, கல்லச்சு நூல்களைக் கையெழுத்துப் படிகளாகக் கொள்வது. 19ஆம் நூற்றாண்டில் அரபுத் தமிழ் நூல்கள் பெரிதும் கல்லச்சிலேயே வெளிவந்தன. அம்முறையில் எழுத்தர் எழுதிய எழுத்தே அப்படியே அச்சாகிறது. ஆகவே பழக்கமில்லாத கண்ணுக்கு அச்சுநூல் கையெழுத்துப் படியாகவே தோன்றும். மையின் அழுத்தம் எங்கும் ஒரே சீராக இருக்கிறதா, அச்சகத்தின் பெயர் இறுதிப் பக்கத்தில் உள்ளதா என்று பார்த்தாலே பெரும்பாலும் உண்மை தெரிந்துவிடும்.

இரண்டாவது, ஹிஜ்ரி ஆண்டை மாற்றுவதில் நேரும் பிழை. நூலின் முடிவில் ஹிஜ்ரி 1300 என்று இருந்தால், அதனோடு 622ஐக் கூட்டி 1922 என்று எழுதிவிடுகிறார்கள். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாட்கள் குறைந்தது என்பதால் அந்தக் கணக்கு பொருந்தாது. ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். கண்டியில் சித்தி லெவ்வை ‘முஸ்லிம் நேசன்’ இதழைத் தொடங்கிய காலமும் அதுவே. 40 ஆண்டுப் பிழை சிறிதன்று. அந்நூலை முற்றிலும் வேறொரு தலைமுறையின் கையில் கொண்டுபோய் வைத்துவிடும்.

இவற்றைவிடப் பெரிய இழப்பு, நூலின் உடலுக்கு நேர்வது. கிழிந்த ஏட்டைப் பசைநாடாவால் ஒட்டுகிறார்கள். அன்பு மிகுந்தோர் தகட்டுறை போட்டு லேமினேஷன் செய்துவிடுகிறார்கள். ஒருமுறை லேமினேஷன் செய்யப்பட்ட பழந்தாளை மீட்பது அநேகமாக இயலாது. தாளாலான பொருள்களுக்கு 50 லக்ஸ் அளவிலான மங்கிய ஒளியே தகும் என்பது அருங்காட்சியகங்களின் நடைமுறை. நம் பேழைகளிலோ குழல்விளக்கு நாள் முழுதும் எரிகிறது. முதுகெலும்பு பிளக்குமாறு விரித்து வைக்கப்பட்ட கிதாபு, விழா முடிந்ததும் உரியவர் வீட்டுக்குத் திரும்பும்போது வந்த நிலையில் இருப்பதில்லை. ஒருமுறை அவ்வாறு பெற்றுக்கொண்டவர் மறுமுறை எதையும் தர முன்வரமாட்டார். மூலத்தை வீட்டிலேயே பாதுகாப்பாக வைத்து, அதன் நிழற்படப் படியைக் காட்சிக்கு வைப்பதே அறிவுடைமை. அப்படி எடுக்கும்போது நூல் முழுவதையும் எடுத்து, ஒரு பிரதியை உரியவரிடமும் மற்றொன்றை நூலகத்திலும் வைத்தால், காட்சி முடிந்த பின்னும் அதன் பயன் முடியாது.

அரபுத் தமிழ் நூல்கள் பற்றித் தனியே ஒன்று சொல்ல வேண்டும். மொழி தமிழ், எழுத்து அரபி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காகப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அமைக்கப்பட்ட எழுத்துமுறை அது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் போன்றோர் மார்க்கக் கல்வியை இல்லந்தோறும் கொண்டுசென்றது அதன் வழியாகத்தான். அதனை வாசித்தவர்களில் பெண்கள் மிகப் பலர். இந்நூல் ஒரு பொது நூலகத்துக்குள் வந்தால் எந்த அலமாரிக்குப் போகும்? எழுத்தை மட்டும் பார்ப்பவர் அரபி நூல்களோடு வைப்பார்; அரபி படிக்கத் தெரிந்தவர் எடுத்துப் பார்த்துப் பொருள் புரியாமல் திருப்பி வைப்பார்; தமிழ் அலமாரியில் தேடுபவருக்கு அது ஒருபோதும் கிட்டாது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்னும் விதி இங்கே முறிகிறது. பேழையில் அதன் எழுத்தழகைக் காட்டுவதோடு நில்லாமல், ‘இது தமிழ்’ என்று உரக்கச் சொல்லி, முதல் பக்கத்தைத் தமிழ் எழுத்தில் பெயர்த்து அருகில் வைப்பதே முறையான காட்சி. அவ்வெழுத்தைத் தடையின்றி வாசிக்கும் மூத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் காலம் கடந்துவிட்டால் அப்பேழையில் இருப்பது வெறும் கோடுகள்.

‘நமது’ என்னும் சொல்

இக்காட்சிகளின் விளக்க அட்டைகளில் மிகுதியாக ஆளப்படும் சொல் ‘நமது’. நமது முன்னோர், நமது சாதனை, நமது பண்பாடு. இவ்விதழ் போன்ற சமுதாய ஏட்டில் ‘நாம்’ என்று எழுதினால் எழுதுபவரும் வாசிப்பவரும் யாரென்பது தெளிவு. பொது நூலகத்தில் அச்சொல்லின் எல்லை எது? அட்டையின் முன் நிற்கும் கிறித்தவ ஆசிரியையும் இந்து மாணவனும் அதற்குள் அடங்குவார்களா? அடங்காவிடில், அவர்கள் நம் வீட்டுச் சாளரத்தின் வழியே எட்டிப் பார்ப்பவர்களாகிவிடுகிறார்கள்.

மறுபுறம், மார்க்கச் சொற்கள் எந்த விளக்கமுமின்றி அடுக்கப்படுகின்றன. ஆலிம், தரீக்கா, மவ்லிது, வக்ஃபு ஆகிய சொற்களைத் தவிர்க்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அவை தமிழ்ச் சொற்களாகவே ஆகிவிட்டவை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நான்கு சொற்களில் பொருள் தந்தால் அட்டை அனைவருக்கும் உரியதாகும். ஊர்ப் பெயரைச் சொல்லி, ‘இவ்வூரில்’ என்று தொடங்கும் வாக்கியம், ‘நமது’ என்று தொடங்கும் வாக்கியத்தைவிடப் பெரிய வாசலைத் திறக்கும்.

அறிவிப்புப் பலகை

பேழையைக் காட்டிலும் அன்றாடம் அதிகம் பார்க்கப்படுவது நூலக வாயிலின் அறிவிப்புப் பலகையும் நாளிதழ் மேசையும். நூல் எடுக்காதவர்கூட நாளிதழ் படிக்க வருகிறார். கல்வி உதவித்தொகை, இரத்ததான முகாம், வேலைவாய்ப்புப் பயிற்சி என ஊருக்குப் பயன்படும் செய்திகளைச் சமுதாய அமைப்புகள் பல செய்கின்றன. அச்செய்திகள் பள்ளிவாசல் பலகையோடு நின்றுவிடுகின்றன. இரத்தம் தேவைப்படுவோரும் உதவித்தொகைக்குத் தகுதியுடையோரும் மஹல்லாவுக்குள் மட்டுமா இருக்கிறார்கள்?

இங்கே ஒரு நிர்வாகச் சிக்கல் உண்டு. எந்த அறிவிப்பை ஏற்பது, எதை மறுப்பது என்னும் விதி எழுதி ஒட்டப்பட்டிருக்கும் நூலகத்தை நாம் காண்பது அரிது. விதி இல்லாத இடத்தில் முடிவு நூலகரின் துணிவையோ அச்சத்தையோ பொறுத்து அமைகிறது. செல்வாக்குள்ளவரின் சுவரொட்டி ஏறுகிறது. மற்றவரின் துண்டறிக்கை ‘மேலிடத்தில் கேட்க வேண்டும்’ என்னும் சொல்லோடு மேசை இழுப்பறைக்குள் போகிறது.

அமெரிக்க நூலகச் சங்கம் 1939இல் முதன்முதலாக ஏற்றுக் காலந்தோறும் திருத்திவரும் நூலக உரிமைச் சாசனத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு உண்டு. காட்சி இடத்தையும் கூட்ட அறையையும் பொதுமக்களுக்குத் தரும் நூலகம், கேட்பவரின் நம்பிக்கையையோ சார்பையோ பாராமல் சமநிலையில் தர வேண்டும் என்பது அதன் கருத்து. அங்குள்ள பல சிறு நகரங்களின் நூலகங்களில் ரமளான் மாதக் காட்சி அமைவதற்கு இத்தகைய கொள்கை துணைநிற்கிறது. இடம் தருவதால் அக்கருத்தை நூலகம் ஏற்றதாகாது என்பதும் அதனோடு சேர்ந்தே சொல்லப்படுகிறது. 2013இல் அந்நாட்டின் மானுடவியல் அறக்கொடை நிறுவனம் அச்சங்கத்துடன் இணைந்து, ‘முஸ்லிம் பயணங்கள்’ என்னும் பெயரில் 25 நூல்களும் சில ஆவணப்படங்களும் அடங்கிய தொகுப்பை நூற்றுக்கணக்கான நூலகங்களுக்கு வழங்கிற்று. அமெரிக்கக் கதைகள், இணைந்த வரலாறுகள், இலக்கியச் சிந்தனைகள், நம்பிக்கையின் பாதைகள், பார்வைக் கோணங்கள் என அது ஐந்து பகுதிகளாக அமைந்தது. அத்தொகுப்பின் ஒவ்வொரு நூலையும் நாம் ஏற்க வேண்டியதில்லை. சுவரில் மாட்டும் பலகைகளாக அல்லாமல், வாசகர் எடுத்துச் சென்று படித்து வந்து விவாதிக்கும் நூல்களாக அது அமைந்தமையே கருதத்தக்கது.

தமிழ்நாட்டுக்கு இத்தகைய பொறுப்புணர்வு அந்நியமன்று. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொது நூலகச் சட்டம், விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம். அதன்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. வீடு வைத்திருக்கும் ஒவ்வொருவரும், மதம் எதுவாயினும், நூலகத்தின் பங்காளியே. ஆகவே அதன் பலகையில் இடம் கேட்பது சலுகை கேட்பதாகாது. பிறருக்கும் அதே இடம் உண்டு என்பதை ஏற்பதும் அவ்வுரிமைக்குள்ளேயே அடங்கும். அளவு, ஒட்டும் காலம், அகற்றும் நாள், ஊர் முழுவதற்கும் பயன்படுவதா என்னும் நான்கு வினாக்களைக் கொண்ட ஒரு பக்க விதியை வாசகர் வட்டம் முன்வைத்தால் நூலகருக்கும் அது பாதுகாப்பாக அமையும்.

செய்தியின் மற்றொரு முகம் ஆவணம். இன்றைய துண்டறிக்கை நாளைய வரலாற்றுச் சான்று. பாக்தாதின் புத்தக வணிகர் இப்னு நதீம் 987இல் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ இல்லையேல், அன்று புழங்கிய எண்ணற்ற நூல்களின் பெயர்கூட நமக்குத் தெரிந்திருக்காது. நூல்கள் அழிந்தன, பட்டியல் நின்றது. நம் ஜமாஅத்துகளின் ஆண்டறிக்கைகள், மத்ரஸா விழா மலர்கள், ஊர்ச் சங்கங்களின் இதழ்கள் எங்கே சேர்த்து வைக்கப்படுகின்றன? 1954இல் வந்த நூல் அளிப்புச் சட்டப்படி, வெளியிடப்படும் நூலின் பிரதி சென்னை கன்னிமாரா உள்ளிட்ட நான்கு நூலகங்களுக்குச் செல்ல வேண்டும். பா. தாவூத்ஷாவின் ‘தாருல் இஸ்லாம்’ போன்ற இதழ்களின் முழுத் தொகுதியைத் தேடி அலையும் ஆய்வாளர்கள், ஒரு பிரதியைச் சேர்த்து வைக்காமையின் விலையை நன்கு அறிவார்கள். கன்னிமாராவுக்கு ஒன்று, ஊர்க் கிளை நூலகத்துக்கு ஒன்று என இரண்டு பிரதிகளை அனுப்பும் வழக்கம் ஏற்பட்டால், ஐம்பதாண்டு கழித்து நம் பேரப்பிள்ளைகள் பேழையில் வைப்பதற்குப் பொருள் இருக்கும்.

இரு மறுப்புகள்

இக்காலச் சூழலில் பொது இடத்தில் நம்மைக் காட்டிக்கொள்வது வீண் சர்ச்சையை வரவழைக்கும். சொந்த மண்டபங்களிலேயே காட்சி வைத்துக்கொள்ளலாமே என்பது ஒரு சாரார் கருத்து. அவர்களின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் சொந்த மண்டபத்தில் வைக்கும் காட்சியைக் காண வருவோர் ஏற்கெனவே அறிந்தவர்கள். ஊரின் பொது அலமாரியில் நாம் இல்லாமற்போனால், ஊரின் வரலாற்றிலேயே நாம் இருந்ததில்லை என்று அடுத்த தலைமுறை வாசிக்கும். அத்தவறான வாசிப்பைத் திருத்துவது இன்றைய சிறு சர்ச்சையைச் சமாளிப்பதைவிடக் கடினம்.

கிளை நூலகங்களில் ஆளும் இல்லை, இடமும் இல்லை, இவையெல்லாம் நடக்கக்கூடியவையா என்பது மற்றொரு மறுப்பு. நாம் கேட்பது மாளிகையன்று. ஒரு மேசை, ஒரு பேழை, ஆண்டுக்கு ஒரு வாரம். பத்துப் பலகைகளுக்குப் பதிலாக மூன்று பொருள்கள். ஒவ்வொன்றுக்கும் யார், எங்கே, எப்போது, யாரிடமிருந்து பெறப்பட்டது என்னும் விவரங்களுடன் ஓர் அட்டை. அதன் கீழே, இதைப் பற்றி மேலும் படிக்க இந்நூலகத்தில் உள்ள நூல்களின் பெயரும் அலமாரி எண்ணும். நூல் இல்லையெனில் காட்சிக்குச் செலவிடும் தொகையில் முதலில் அந்நூலை வாங்குவது. வண்ணப் பதாகைக்கு ஆகும் தொகைக்குச் சில நல்ல நூல்கள் கிடைத்துவிடும். பல்கலைக்கழக ஆய்வுகளிலிருந்து தொடங்கலாம்: ம. மு. உவைஸ், பீ. மு. அஜ்மல்கான் ஆகியோர் உழைத்து உருவாக்கிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றுத் தொகுதிகள் எத்தனை கிளை நூலகங்களில் உள்ளன? 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் அரங்கேற்றிய ‘ஆயிரம் மசலா’ முதல் நம் இலக்கியம் நடந்துவந்த வழி அவற்றில் விரிவாக உள்ளது. அத்தொகுதிகள் இல்லாத நூலகத்தில் ‘இஸ்லாமியரின் தமிழ்த் தொண்டு’ என்று பதாகை கட்டுவது, அடுப்பு மூட்டாமல் விருந்துக்கு அழைப்பதற்கு ஒப்பாகும்.

முதல் வஹீயே ஓதுமாறு பணித்தது என்பதை மேடைதோறும் நினைவூட்டுகிறோம். அப்பணிப்பு நூலகத்தின் வாசலில் எவ்வாறு நிறைவேறுகிறது என்பதை அளக்க எளிய வழி ஒன்று உண்டு. வரும் நவம்பரில் காட்சி அமைக்கும் வாசகர் வட்டங்கள் பேழைக்கு அருகில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைக்கட்டும். பாராட்டுரை எழுத அன்று. இக்காட்சியைக் கண்டபின் எந்த நூல் இரவல் வாங்கப்பட்டது, யார் வீட்டில் எந்தப் பழைய ஏடு இருப்பதாகத் தெரியவந்தது என்னும் இரண்டை மட்டும் அதில் குறிக்கட்டும். ஒரு வாரத்தின் முடிவில் அப்பக்கங்கள் வெறுமையாக இருந்தால், அடுத்த ஆண்டு பலகைகளை மாற்ற வேண்டும். பத்து வரிகள் இருந்தால், அவ்வூரில் ஒரு சிறு பட்டியல் தொடங்கிவிட்டது என்று பொருள். அதனைத் தொடர்ந்து எழுதும் பொறுப்பை ஒருவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.